ஹாரன் அடிக்கலையா? எப்படி அடிக்கலைன்னு முதல்ல சொல்லுங்க

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறுவதற்கு முன் என் கடையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல்வார்கள். ஹாரனைப் பார்க்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மலை இறங்கி வந்தவர்கள்தான். ஏதோ ஒரு வளைவில் பட்டனை அமுக்கி, சத்தம் வராமல், எதிரே பஸ்ஸின் மூக்கைப் பார்த்தவர்கள்.

போன வாரம் வந்த பையனும் அப்படித்தான்.

"ங்ணா, ஹாரன் போயிருச்சுங்ணா. புதுசு ஒண்ணு மாட்டிருங்க."

"எப்படிப் போச்சு தம்பி? சத்தமே இல்லையா, டொக்குன்னு ஒண்ணு மட்டும் வருதா, கரகரங்குதா?"

"அதெல்லாம் கவனிக்கலீங்ணா."

கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். புதுசு மாட்டச் சொல்லிக் கழற்றிப் போட்ட பழைய ஹாரன்களை நேராக பேட்டரியில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நன்றாகவே அலறும். கோளாறு ஒயரிலோ, சுவிட்சிலோ, எர்த்திலோ (கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி) இருந்திருக்கும். அந்தப் பையனுக்கும் புது ஹாரன் தேவைப்படவில்லை. ஃபிரேமில் எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன், அடித்தது.

உள்ளே நடப்பது இதுதான். ஹாரனுக்குள் ஒரு காயில் (கம்பிச் சுருள்), ஒரு மெல்லிய இரும்புத் தகடு, ஒரு ஜோடி பாயின்ட் (கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகள்). பட்டனை அமுக்கினால் காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும். இழுபட்டு வரும் தகடே பாயின்ட்டைப் பிரித்துவிடும். கரன்ட் அறுந்து காந்தம் போனதும் தகடு பின்வாங்கும், பாயின்ட் மறுபடி சேரும், மறுபடி இழுக்கும். இந்த இழுபறி நொடிக்கு 400 முறை போல நடப்பதைத்தான் நாம் ஹாரன் சத்தம் என்கிறோம். பள்ளிக்கூடத்து எலக்ட்ரிக் பெல்லும் இதே சூத்திரம்தான், அங்கே தகட்டுக்குப் பதில் சின்னச் சுத்தியல். ஆக, ஹாரனுக்குப் போதுமான கரன்ட் வர வேண்டும், வந்தது எர்த்துக்குத் திரும்பிப் போக வழி வேண்டும், பாயின்ட் சரியான இடத்தில் பிரிய வேண்டும். இதில் எது கெட்டது என்பதை சத்தமே சொல்லும்.

கருவி பெரிதாக வேண்டாம். கார் பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று எடுத்து, அதில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, நுனியில் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம். ஒயருக்குள் பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் அந்த டெஸ்டர் பளிச்சென்று எரிந்து, கரன்ட் வருகிறது என்று பொய் சொல்லும். 21 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய 1¾ ஆம்பியர், பைக் ஹாரனின் பசிக்குக் கிட்டத்தட்ட சமம். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால்தான் லைன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

சத்தமே இல்லை (இரு சக்கர வண்டி)

முதலில் இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள், பிரேக்கை அமுக்கிப் பாருங்கள். நிறைய பைக்குகளில் இவற்றுக்கும் ஹாரனுக்கும் ஒரே ஃபியூஸ். மூன்றும் போயிருந்தால் ஹாரனை மறந்துவிட்டு ஃபியூஸையும் பேட்டரி டெர்மினலையும் பாருங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டராக இருந்தால், பெரிய பேட்டரியின் கரன்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் படுத்திருக்கும். அதைத் திறக்க வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குத் தள்ளுங்கள்.

மற்றதெல்லாம் வேலை செய்து ஹாரன் மட்டும் ஊமை என்றால், ஹாரனில் செருகியிருக்கும் இரண்டு ஒயரையும் உருவுங்கள். இரண்டுக்கும் நடுவே பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, பட்டனை அமுக்குங்கள். பல்பு நன்றாக எரிந்தால் ஒயரிங்கில் குறையில்லை, ஹாரன்தான் குற்றவாளி. அடுத்த பகுதியில் சொல்லும் ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள். எரியவில்லை என்றால் ஹாரன் நிரபராதி, காசை மிச்சம் பிடியுங்கள்.

இனி எந்தப் பக்கம் அறுந்தது என்று தேட வேண்டும். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு சுவிட்ச் மாதிரி கரன்ட் வரும் பக்கத்தை மட்டும் சேர்த்துப் பிரிப்பதில்லை வண்டிகள். பல வண்டிகளில் சாவி போட்டதுமே ஹாரன் வரைக்கும் கரன்ட் வந்து நின்றுவிடும். பட்டன் செய்வது மறுபக்கத்தை எர்த்தில் சேர்ப்பது மட்டும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று பல்பே சொல்லும். பல்பின் ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, இன்னொன்றால் உருவிய இரண்டு ஒயரையும் தொடுங்கள்.

பட்டனைத் தொடாமலே ஒரு ஒயரில் எரிந்தால் உங்களுடையது எர்த்தைச் சேர்க்கும் ரகம். இப்போது கிளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி, மற்ற ஒயரைத் தொட்டுக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். எரியவில்லை என்றால் சுவிட்சில் அழுக்கு, அல்லது சுவிட்சிலிருந்து வரும் ஒயர் அறுந்திருக்கிறது.

பட்டனை அமுக்கினால்தான் எரிகிறது என்றால் மற்ற ரகம். சுவிட்ச் வேலை செய்கிறது, எர்த் ஒயர்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அமுக்கியும் இரண்டு ஒயரிலும் எரியவில்லை என்றால் கரன்ட்டே வரவில்லை. ஃபியூஸிலிருந்து பின்தொடருங்கள்.

அறுந்த ஒயரைத் தேடி வண்டி முழுக்கப் பிரிக்க வேண்டாம். ஹேண்டில் பார் திரும்பும் இடத்தில், டேங்குக்கு முன்னால், ஒயர்கள் ஒன்றாகச் சுருண்டு போகும் கழுத்துப் பகுதியைத் தடவுங்கள். தினமும் நூறு முறை வளைந்து நிமிர்வது அங்கேதான். மேல் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒயரை மெதுவாக இழுத்தால் அறுந்த இடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி நீளும்.

சுவிட்ச் அழுக்கு என்றால், ஹேண்டிலுக்கு அடியிலிருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பெட்டி இரண்டாகப் பிரியும். பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும், அதைப் பறக்கவிட்டுத் தேடாதவர் இந்தத் தொழிலில் இல்லை. ஒரு துணியால் மூடிக்கொண்டு பிரியுங்கள். பச்சை பூத்த செம்பை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, காண்டாக்ட் கிளீனர் ஒரு அடிப்பு, வேலை முடிந்தது.

டொக் என்று ஒரே ஒரு சத்தம்

கரன்ட் வருகிறது, தகடு இழுபடுகிறது, ஆனால் பாயின்ட் பிரியவில்லை. இழுத்தது இழுத்தபடியே நிற்கிறது. இந்த நிலையில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். விட்டு விட்டுப் போக வேண்டிய கரன்ட் தொடர்ந்து ஓடிக் காயில் சுடும், ஃபியூஸும் போகும்.

ஹாரனின் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கம்பெனியில் அதன் மேல் பெயின்ட் வைத்து அடைத்திருப்பார்கள். வாட்டர் வாஷ் செய்த மறுநாளோ, மழைக்காலம் முடிந்தோ ஹாரன் டொக் போட ஆரம்பித்தால், உள்ளே துரு கட்டித் தகடு நகரும் அளவு மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்க்ரூதான் மருந்து. முதலில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். இப்போது ஸ்க்ரூ தலையின் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பென்சிலால் ஒரு குறி போடுங்கள். குறி போடாமல் திருகி, பழைய இடம் தெரியாமல் தவிப்பவர்களே அதிகம். எஞ்சினை ஓடவிட்டு, கால் திருகு திருப்பி ஒரு முறை அமுக்குங்கள், அரை நொடிதான். சத்தம் மோசமானால் எதிர்ப்பக்கம் கால் திருகு. முதலில் டொக், பிறகு தவளை கத்துகிற மாதிரி ஒரு கொரகொரப்பு, பிறகு திடீரென்று தொண்டை திறந்த மாதிரி முழுக்குரல் வரும். அந்த இடம் மிகக் குறுகியது, அரைக்கால் திருகு தாண்டினாலே மறுபடி மங்கும். பிடித்ததும் ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். என் கடையில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும், சிவப்பு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு முழுச் சுற்று அங்கும் இங்கும் திருப்பியும் குரல் வராவிட்டால் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. ஹாரனை மாற்றுங்கள். பிரித்து ரிவிட் அடித்து மீட்பதெல்லாம் எங்கள் குருநாதர் காலத்து வேலை.

காரில் டொக் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று காது கொடுங்கள். முன் பம்பருக்குள்ளிருந்து வந்தால் மேலே சொன்னதுதான். டேஷ்போர்டுக்கு அடியிலோ எஞ்சின் அறையின் ஃபியூஸ் பெட்டியிலோ வந்தால் அது ரிலேயின் சத்தம். பட்டனின் சின்னக் கரன்ட்டை வாங்கி, ஹாரனுக்கான பெரிய கரன்ட்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. ஸ்டியரிங் பட்டன் நன்றாக இருக்கிறது, ரிலேக்கு உத்தரவும் போய்விட்டது, அதன் பிறகுதான் தடை. பக்கத்தில் அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அடித்தால் ரிலே போச்சு. அடிக்காவிட்டால் அங்கிருந்து ஹாரனுக்குப் போகும் ஒயர், இல்லை ஹாரன்.

தொண்டை கட்டிய மாதிரி, ஈனஸ்வரத்தில்

எஞ்சினை முறுக்கினால் சத்தம் தேறுகிறது, ஐடிலில் முனகுகிறது என்றால் பேட்டரி. வோல்ட் பார்க்கும் மீட்டர் இருந்தால் எஞ்சின் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள்ளும் இருக்க வேண்டும். புது பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லை (2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் அப்படித்தான் தயாரிக்க வேண்டும்), அதனால் சார்ஜ் ஏறாத பேட்டரி சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அதை முதலில் சொல்வது பெரும்பாலும் ஹாரன், செல்ஃப் ஸ்டார்ட் அதற்கடுத்துதான்.

பேட்டரி நன்றாக இருந்தும் முனகினால், ஹாரன் அடிக்கும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12.5, ஹாரனில் 9 என்றால் நடுவழியில் மூன்றரை வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் போல்ட், அல்லது சூடுபட்டுக் கருத்த கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி).

வோல்ட்டும் சரி என்றால் ஹாரனை மாட்டியிருக்கும் பட்டையைப் பாருங்கள். அந்தத் தகட்டுப் பட்டை ஸ்பிரிங் மாதிரி அதிர வேண்டும். கீழே விழுந்த வண்டியில் பட்டை வளைந்து, ஹாரனின் விளிம்பு ஃபிரேமிலோ மட்கார்டிலோ முட்டிக்கொண்டிருக்கும். முட்டினால் குரல் அடைக்கும். விரலால் நெம்பி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கொடுத்தாலே சரியாகிவிடும். காரில் நத்தை வடிவ ஹாரன் இருந்தால் அதன் வாய் கீழே பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள், மேலே பார்த்தால் மழைநீர் தேங்கும்.

இன்னொன்றும் உண்டு. ஊருக்குப் போய் இரண்டு மாதம் வண்டியை எடுக்காத ஒருவரின் கார் வந்தது. இரண்டு ஹாரனில் ஒன்று கட்டைக்குரலில் உறுமியது. நத்தை ஹாரனைக் கழற்றி, வாயில் கம்பியை விட்டால் உள்ளே போகவில்லை. தட்டினேன், செம்மண் உதிர்ந்தது. மண்குளவி உள்ளே கூடு கட்டியிருக்கிறது. கூடு உடைந்து விழுந்ததில் நாலைந்து சிலந்திகள், குளவி கொட்டி மயக்கி, புழுவுக்கு இரையாகச் சேர்த்து வைத்தவை. ஒன்றின் கால் இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து மாட்டினேன், குரல் வந்துவிட்டது.

காரில் சத்தம் வருகிறது ஆனால் பழைய கம்பீரம் இல்லை, ஸ்கூட்டர் மாதிரி கேட்கிறது என்றால் இரட்டை ஹாரனில் ஒன்று நின்றுவிட்டது. ஒரு சுருதி கீழே, ஒரு சுருதி மேலே வைத்துத்தான் அந்தச் சேர்ந்த குரல். ஒவ்வொன்றாகக் கழற்றி அடித்தால் ஊமை எது என்று தெரிந்துவிடும்.

நிற்காமல் அடிக்கிறது, தானாக அடிக்கிறது

ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் கார் அலற ஆரம்பித்தால் யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது. பெரும்பாலான கார்களில் ஹாரனுக்கு சாவியோடு சம்பந்தமில்லை, அதனால் சாவியை உருவுவதால் நிற்காது. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஹாரன் படம் போட்ட ஃபியூஸையோ ரிலேயையோ உருவுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் பகலிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ரிலேயை உருவியதும் நின்று, வேறு ரிலே போட்டதும் அடிக்காமல் இருந்தால், பழையதன் பாயின்ட் உருகி ஒட்டியிருக்கிறது. வேறு ரிலே போட்டும் அடித்தால் கோளாறு ஸ்டியரிங் பக்கம்.

பைக்கில், ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் தானாக அடிக்கிறதென்றால் மறுபடி அதே கழுத்துப் பகுதிதான். உறை தேய்ந்து செம்பு ஃபிரேமில் படுகிறது. எர்த்தைச் சேர்க்கும் ரகத்தில் அது பட்டனை அமுக்கியதற்குச் சமம், ஹாரன் அடிக்கும். மற்ற ரகத்தில் இதே உரசல் ஹாரனை அடிக்க வைக்காது, பட்டனை அமுக்கும்போது ஃபியூஸை எரிக்கும். அமுக்கினால் ஃபியூஸ் போகிறது என்று வருகிறவர்களுக்கும் இதுதான் முதல் விலாசம்.

ஸ்டியரிங்கை நேராக வைத்தால் அடிக்கிறது, ஒடித்தால் அடிக்கவில்லை

ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்டியரிங்குக்குள் நாடா மாதிரி சுருட்டிய கேபிள் ஒன்று இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டியரிங் சுழல, அது சுருண்டு விரியும். அதில் தடம் அறுந்தால் ஹாரன் வந்து வந்து போகும், ஸ்டியரிங்கில் இருக்கும் பாட்டு பட்டன்களும் படுக்கும், மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும். ஹாரன் போனது பெரிதில்லை, அதே கேபிளில்தான் டிரைவரின் ஏர்பேக்குக்கும் உத்தரவு போகிறது. இதை வீட்டில் கழற்றாதீர்கள். நானே பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்து, டீ குடித்துவிட்டு வந்துதான் கை வைப்பேன். ஏர்பேக்கின் மின்சாரம் முழுக்க வடிய அவகாசம் வேண்டும்.

பெரிய ஹாரன் மாட்டினேன், சுவிட்ச் உருகிவிட்டது

உருகத்தான் செய்யும். பைக் பட்டன் இரண்டு மூன்று ஆம்பியருக்குச் செய்தது. கார் ஹாரன் ஜோடியாகப் போட்டால் எட்டு, பத்து இழுக்கும். கட்டாயம் மாட்ட வேண்டுமென்றால் ரிலே போடுங்கள். ரிலேயின் கால்களில் நம்பர் போட்டிருக்கும்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, ஹாரனுக்கு 87, பட்டன் பக்கம் 85-உம் 86-உம். ஒயர் தடிமனாக இருக்கட்டும்.

ஏர் ஹாரனும், பாட்டுப் பாடும் ஹாரனும் மட்டும் நான் தொடுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆவது விதி, மாறி மாறி ஒலிக்கும் பல சுருதி ஹாரனையும், காதைக் கிழிக்கும், திடுக்கிட வைக்கும் கருவிகளையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற வண்டிகளுக்குத்தான் விலக்கு. சட்டத்தை விடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் ஏர் ஹாரன் அலறியதும் ஒரு பெரியவர் மொபெட்டை வலப்பக்கமாக, அந்த பஸ்ஸின் பாதைக்கே ஒடித்ததை என் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பஸ் நின்றுவிட்டது, அன்றைக்கு.

ஹாரன் நன்றாக இருக்கிறது, யாரும் ஒதுங்கவில்லை

இதுவும் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, சோதித்தால் ஹாரனில் ஒன்றும் இருக்காது. தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 100 இருந்தது 28 மீட்டரில் 88 ஆகிவிடும். அதுவும் முன்னால் போகும் லாரியின் எஞ்சின் இரைச்சலையும், கண்ணாடி ஏற்றிய காரின் பாட்டையும் தாண்டித்தான் காதுக்குப் போக வேண்டும். பகலென்றாலும் லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டுங்கள், கண்ணாடியில் தெரியும்.

அப்படியே காதில் விழுந்தாலும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஹாரன் கேட்டவர் திரும்பிப் பார்த்து ஒதுங்க ஒரு நொடி, ஒன்றரை நொடி. அதற்குள் 30 மீட்டர் போய்விட்டோம். எனவே கட்டைவிரல் போகும்போதே வலது கால் பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும்.

ஹாரன் உண்மையாகவே வேலை செய்யும் இடம் எங்கள் மலைப்பாதை. எதிரே வருவதைக் கண் பார்க்க முடியாது, காதுதான் பார்க்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஒரு தடவை அடியுங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி. அடித்துக்கொண்டே திரும்புகிறவருக்கு எதிரே வருகிறவன் அடித்த பதில் கேட்காது. பதில் வந்தால், இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். ஒன்பதாவது வளைவுப் பக்கம் ரோட்டோரம் வரையாடுகள் நிற்கும். அவற்றை ஹாரனால் விரட்டாதீர்கள், வண்டியை நிறுத்தினால் அவையே போய்விடும். யானை நின்றால் ஹாரனைத் தொடவே தொடாதீர்கள்.

கீழே ஊருக்குள் வந்தால் கணக்கு வேறு. தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194 எஃப் பிரிவில் 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. அமைதி மண்டலத்திலும் (மருத்துவமனை, பள்ளி, கோர்ட் போன்றவற்றின் சுற்றுப்புறம்), ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை குடியிருப்புப் பகுதியிலும், பொது அவசரம் தவிர, அடிக்கக் கூடாது.

என் கடைக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் போன பிறகுதான் ஹாரன் ஸ்க்ரூவில் கை வைக்கிறேன். அதனால் ஹாரன் வேலை என்றால் காலையிலேயே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து நீங்களே அமுக்கிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.